வால் முளைக்கவில்லை

"வால் இல்லை டாக்டர்" என்று நான் சொன்னதுதான் தாமதம், நிருபமா மாடிக்கு ஓடிவிட்டார்.

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிலோ எடையில் பெண் குழந்தை. பிறந்து ஒன்பது நாள். ரத்தத்தில் பூஞ்சை.

அந்தப் பூஞ்சையைத் துளி எடுத்து, மனித ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் போட்டு, உடம்புச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைப்போம். வால் முளைத்தால் சாதாரண ஜாதி, ஃப்ளூகோனசோலுக்கு அடங்கிவிடும். முளைக்காவிட்டால் அந்த மருந்துக்கு மசியாத ஜாதியாக இருக்கலாம். அப்புறம் பெரிய ஊசிதான். குழந்தையின் சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தது. அந்த ஊசியை அது தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் லேபில் சீரத்துக்கு எப்போதும் என் ரத்தம்தான். "ஜெயலட்சுமி ரத்தம் ராசி" என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

சரிபார்க்க இன்னொரு குழாய் வைத்திருந்தேன். நிச்சயமாக வால் விடும் பழைய பூஞ்சை, அதே என் சீரத்தில். அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கை நான், இப்போதுதான் பார்த்தேன்.

அதிலும் ஒரு வால்கூட இல்லை.

ஏன் என்று சட்டென்று புரிந்தது.

இன்டர்காம் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன்.

வார்டு வாசலில் குழந்தையின் அப்பா ஜெயராஜ் வழிமறித்தார். "இன்னா மேடம், இன்னா ஆச்சு?"

உள்ளே நர்ஸ் அந்தப் பெரிய ஊசியைக் குழந்தையின் கையருகே கொண்டுபோய்விட்டாள்.

"நிறுத்துங்க! ரிசல்ட் தப்பு!"

நிருபமா நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப மறுபடி போடுங்க. உங்க ரத்தமே எடுங்க, சீக்கிரம்."

"என்னுது வேணாம். நீங்க கைய நீட்டுங்க டாக்டர்."

"யாகே? ஏன், உங்களுதுக்கு என்ன?"

சீரம் கெட்டுவிட்டது என்று சமாளித்திருக்கலாம். மானம் தப்பியிருக்கும். ஆனால் மறுபடியும் என் கையைத்தான் பிடிப்பார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போகும்.

ஜெயராஜ் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாததை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"ஒரு வாரமா எனக்கு அடியில அரிப்பு டாக்டர். நேத்து சிவாஜிநகர்ல அதே ஃப்ளூகோனசோல வாங்கி முழுங்கிட்டேன். என் ரத்தத்துல எதுக்குமே வால் முளைக்காது."