பின் ஆக்சில்

விசையை அழுத்தினாள்.

முன்சக்கரங்கள் முன்னே சுழன்றன. பின்சக்கரங்கள் பின்னே சுழன்றன.

வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது.

யாரும் உடனே சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

மதுக்கரைக்கு அப்பால் கைவிடப்பட்ட கல்குவாரி. ஞாயிறு காலை. பாறை ஏறும் வண்டிகள், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். பன்னிரண்டு ஆண்கள், பன்னிரண்டு ரிமோட்டுகள்.

பதின்மூன்றாவதாக அவள்.

பாறையின் உச்சியில் வெள்ளைப் பெயின்ட் கோடு. பதினைந்து நிமிடத்துக்குள் வண்டி அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தொட்டால், இனி அவள் மில்லுக்குப் போக வேண்டாம். இந்த வண்டிகளை விற்கும் மயில்சாமியின் கடையில் ரிப்பேர் மேசை காலியாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் சான்றிதழ் கேட்கமாட்டேன், அவள் வண்டி ஏறினால் போதும் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவர் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி போட்ட கார்வேந்தன்தான் முதலில் வாய் திறந்தார்.

"முன்னாடி போறவன் ஒருத்தன், பின்னாடி இழுக்கறவன் ஒருத்தன். அப்படியே நம்ம சங்கம்தானுங்க."

இப்போது சிரித்தார்கள்.

அவளுக்குக் காது சுட்டது. ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

காரணம் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது.

கல்லில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணாகச் சுற்றும். தரையில் இருப்பது நின்றுவிடும். இரண்டும் சேர்ந்தே சுழல வேண்டும் என்று, பின் ஆக்சிலுக்குள் இருந்த குட்டிப் பற்சக்கரங்களை எம்சீல் பசை வைத்து அடைத்திருந்தாள். அது நன்றாகவே இறுகியிருந்தது. திரும்பப் பூட்டும்போது பெரிய பற்சக்கரம் இடப்பக்கம் வர வேண்டும்.

வலப்பக்கம் வைத்தால் சக்கரங்கள் பின்னே சுழலும். ஆனால் அங்கேயும் பொருந்தும். சத்தமில்லாமல் பொருந்தும்.

மயில்சாமி குனிந்து பார்த்தார். புது ஆக்சில்தானே, கம்பெனியிலேயே மாறி வந்திருக்கும் என்றார். அப்படி வருவதுண்டு, அம்மிணி மேல் தப்பில்லை என்றார். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து வைத்துக்கொள்ளலாம்.

நல்ல மனிதர்.

தலையை ஆட்டினால் போதும். ஒரு வாரம் கிடைக்கும். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லீங்க. நான்தான் மாத்திப் பூட்டிட்டேன்."



துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். பாறையிலேயே உட்கார்ந்தாள். நடுவில் பழுது பார்க்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. அது அவளுக்குத் தெரியும். ஸ்க்ரூ கழற்றும் அலன் கீயை எடுத்தாள்.

சக்கரங்கள் இரண்டு.

மூடியில் ஸ்க்ரூ நான்கு.

உள்ளே கிரீஸ் வெயிலில் இளகியிருந்தது. பெரிய பற்சக்கரத்தை வெளியே எடுத்தாள். திருப்பினாள். இடப்பக்கம். விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இன்னொரு முறை.

ஒரு ஸ்க்ரூ நழுவிப் பாறை இடுக்குக்குள் போனது.

தேடவில்லை. மூன்று தாங்கும்.

ஆறு நிமிடம் என்று யாரோ சொன்னார்கள்.

போனதா, மீதியா என்று அவள் கேட்கவில்லை.

விசையை அழுத்தினாள்.

நான்கும் முன்னே சுழன்றன.

முதல் கல்லில் வண்டி ஏறியது. இரண்டாவதில் சறுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, தன்னைத்தானே பிடித்துக்கொண்டது. மூன்றாவது, நெஞ்சு உயரத்தில் பிளந்து கிடந்த கல். வலது பின்சக்கரம் பிளவின் மேல் தொங்கியது.

தொங்கியபடியே சுழன்றது.

இடதும் சுழன்றது. ஒரே வேகம். டயர் கல்லைக் கவ்வியது. ரப்பர் வாடை வந்தது.

கார்வேந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

மயில்சாமி விசில் ஊதினார்.

பதினைந்து நிமிடம்.

ஆண்கள் நிழலுக்கு நகர்ந்தார்கள். பிளாஸ்கில் டீ வந்திருந்தது. அடுத்து யார் என்று பேச்சு கிளம்பியது.

அவள் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

விரற்கடை விரற்கடையாக வண்டி ஊர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. இரண்டு விரற்கடை பின்னால் விட்டு, வேறு தடத்தில் ஏற்றினாள். முன்சக்கரம் வெள்ளையைத் தொட்டது. பின்சக்கரமும் தொட்டது.

கோட்டைத் தாண்டி உச்சியில் நின்ற பிறகுதான் விரலை எடுத்தாள்.

ஏறிப்போய் வண்டியை எடுத்து வந்தாள். சூட்டில் கொதித்தது. கீழே உட்கார்ந்து, துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நாளை காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்தே காலுக்கு மில் பஸ்.

மயில்சாமி டீ குடிக்கப் போகவில்லை.

கடைக்கு ரிப்பேருக்கு வரும் வண்டிகளை அவர் இந்தப் பாறையில்தான் ஓட்டிப் பார்ப்பார். காரின் டிக்கியைத் திறந்தார். ஒன்றை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். விலை உயர்ந்த வண்டி. மேலே ஒட்டிய துண்டுத் தாளில் யாரோ ஒருவருடைய பெயர். அதன் கீழே, 'பின்னால் இழுவை இல்லை.'

"புதன்கிழமைக்கு வேணுமாம், அம்மிணி."

சொல்லிவிட்டு, அடுத்த வண்டிக்கு விசில் ஊதப் போனார்.

அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

பிறகு வண்டியைக் கவிழ்த்தாள்.