ஜன்னலோர மூன்றாவது நாற்காலி

"அக்கா, கத்திரியம்மா உன்னை நார்நாராக் கிழிச்சுட்டாங்க!"

பத்திரிகையோடு ஓடிவந்த தம்பியின் முகத்தில் துக்கத்தைவிட உற்சாகமே மிகுந்திருந்தது.

கத்திரியம்மா என்பது, அந்த ஊர்ச் சிற்பிகளும் ஓவியர்களும் ஒரு கலை விமர்சகருக்கு இட்ட பெயர். அவர் பாராட்டி எழுதிப் பார்த்தவர் எவரும் உயிரோடு இல்லை என்பது அவர்கள் கட்சி.

"படிடா."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். "'கலைக்கூடத்தின் இரண்டாம் அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். உட்கார்ந்தால் சிரிக்கின்றன. ஒன்று களுக்கென்று, ஒன்று விக்கி விக்கி, ஒன்று மூக்கால். ஜன்னலோர மூன்றாவது நாற்காலி என் வயதுக்குச் சற்றும் மரியாதை காட்டவில்லை.'"

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க?"

"இரு, இனிமேதான் கத்திரி வருது. 'உட்காரலாம் என்று ஒரு வரி எழுதி வைக்கக்கூட இந்தச் சிற்பிக்குத் தோன்றவில்லை. நான்கு நாட்களாக ஒரு நாற்காலியும் வாய் திறக்காததற்கு இந்த அலட்சியமே காரணம்.'"

"பொய்! 'தயவுசெய்து உட்காருங்கள்'னு போர்டு எழுதி, என் கையால வாசல்ல நிறுத்தினேன்!"

அது அவளுடைய முதல் கண்காட்சி. செய்தவள் பக்கத்தில் நின்றால் பார்ப்பவர்கள் மனம்விட்டுச் சிரிக்க மாட்டார்கள் என்று, திறந்த நாள் முதல் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. யாருமே சிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையோடு காலி செய்துவிடலாம் என்று கலைக்கூட மேலாளர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் தம்பியின் செருப்புமாக ஓடினாள்.

கலைக்கூடத்தில் நிற்க இடமில்லை. அறை முழுவதும் நாற்காலிகள் கெக்கலி கொட்டின. கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞர் ஒருவர் எழுந்து எழுந்து ஆறாவது முறையாக உட்கார்ந்தார்.

"சார், போதும் எழுந்திருங்க! நாங்களும் சிரிக்க வேண்டாமா?"

"இருங்கம்மா, இது இன்னும் முடிக்கலை!"

ஜன்னலோர மூன்றாவது நாற்காலிக்கு மட்டும் தனி வரிசை, தெருவரை.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "ஞாயிற்றுக்கிழமை பேச்சையே மறந்துடுங்க! இன்னும் ஒரு மாசம் நடக்கட்டும். ஆனா, ஒரு போர்டு வைக்கக்கூடவா தோணலை உங்களுக்கு?"

"வெச்சேன் சார்! என் பேர்தான் கெட்டுப்போச்சு."

அவர் முகம் மாறியது. "வெச்சீங்களா? அப்ப எடுத்தது யாரு? கண்டுபிடிங்க. பத்திரிகையில மறுப்புப் போட வைக்கறேன். எடுத்தவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

அவள் சந்து பொந்தெல்லாம் தேடினாள். கலைக்கூடக் காவலரின் சிறிய அறையில், அவருடைய முக்காலிக்குப் பின்னால், துணி சுற்றிய நிலையில் போர்டு இருந்தது.

காவலர் கதவருகே கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு வருஷமா 'தொடாதீங்க, உட்காராதீங்க'ன்னு சொல்லியே பழகின வாய்மா இது. 'உட்காருங்க'ன்னு போர்டைப் பார்த்ததும் எவனோ குறும்புக்கு வெச்சுட்டான்னு எடுத்து உள்ள வெச்சேன். உட்கார வந்தவங்களையெல்லாம் நான்தான் விரட்டினேன். ஓய்வுக்கு மூணு மாசம்தான் பாக்கி."

வெளியிலிருந்து மேலாளரின் குரல் கேட்டது. "என்னம்மா, கிடைச்சுதா?"

அவள் போர்டைப் பார்த்தாள். தன் பெயருக்குக் கீழே அச்சேறிய 'அலட்சியம்' என்ற சொல் கண்முன் வந்தது. காவலரைப் பார்த்தாள். போர்டைக் காலால் முக்காலிக்குப் பின்னால் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"இல்ல சார். இப்பத்தான் ஞாபகம் வருது, நான் வைக்கவே இல்லை. அவங்க எழுதினது சரிதான்."

"சரியான ஆளும்மா நீங்க!" என்று அலுத்துக்கொண்டே மேலாளர் பொத்தென்று உட்கார்ந்தார். மூக்கால் சிரிக்கும் நாற்காலி அது. அறையே அதிர்ந்தது.

காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கத்திரியம்மா அப்படியே சொன்னாங்கம்மா."

"என்ன சொன்னாங்க? அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் விரட்ட விரட்ட உட்கார்ந்தாங்க. நாற்காலி சிரிச்சதும்தான் அந்த போர்டு குறும்பு இல்லைன்னு புரிஞ்சுது. நானே போர்டை எடுத்துக் காட்டினேன். 'உள்ள வைங்க. நான் பழியை அந்தப் பொண்ணு மேல போட்டு எழுதிடறேன். அவ சண்டைக்கு வருவா. ஆனா உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டா'ன்னாங்க. 'நீங்க அவங்களைப் பார்த்ததே இல்லையே, எப்படிம்மா சொல்றீங்க?'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'நாற்காலியைக்கூடச் சிரிக்க வைக்கிறவ, ஒரு மனுஷனை அழ வைக்க மாட்டா'ன்னாங்க."