விதி மீறாத கோமகன்

1905ஆம் ஆண்டின் நெடுந்தூரக் கார் பந்தயத்தில் இத்தாலியின் மானத்தைத் தாமே காக்கப்போவதாகக் கோமகன் ஒத்தாவியோ மூன்று விருந்துகளில் அறிவித்திருந்தார். தோற்றால் பெண் கிடையாது என்று, அவர் மணக்க விரும்பிய லுக்ரேசியாவின் அப்பாவும் அறிவித்திருந்தார்.

ஊர்களுக்குள் மட்டும், வழிகாட்டும் சைக்கிள்காரரை எந்தக் காரும் முந்தக்கூடாது, முந்தினால் நீக்கம். கோமகன் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்தார்.

“எல்லாரும் நம்மளத் தாண்டிப் போயிட்டாங்க, ஐயா,” என்றான் பக்கத்தில் இருந்த மெக்கானிக் நுன்சியோ.

“விதியை மீறுற பயலுக. மொத்தப் பேரையும் நீக்கிடுவாங்க பாரு.”

“இல்லீங்க, வந்து...”

“வாயை மூடிட்டு உக்காரு.”

ஒரு பண்ணை வீட்டு வாசலில் சைக்கிள்காரர் இறங்கினார்.

“ஏன்யா நின்னுட்ட?” என்றார் கோமகன்.

“சாப்பிடத்தாங்க. ஊர் எல்லையோட என் வேலை முடிஞ்சுபோச்சு. நீங்க எதுக்கு என் வீடு வரைக்கும் வர்றீங்க?”

லுக்ரேசியாவை ஒரு பல் டாக்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.