ஒரிஜினலில் இல்லாத ஒன்று

"திறந்து பாருங்கண்ணா. உள்ள தப்பு இருந்தா தப்புன்னு சொல்லுங்க. எனக்காக மழுப்பாதீங்க."

மேஜைமேல் கிடந்த பேஸ் கிட்டாரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார் மெக்கானிக். பதினோரு நாளைக்கு முன்னால் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் மைக்கைப் பிடித்தவன், அப்படியே சரிந்தான். கரண்ட். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி.

அரங்கத்து எலெக்ட்ரீஷியனைப் போலீஸ் உள்ளே வைத்திருந்தது. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப்ளிஃபயரை மாட்டிவிட்டான் என்று வழக்கு. பிளக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் அள்ளிக்கொண்டு போனவர்கள், கிட்டாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளைக் காலை அவனை மறுபடியும் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தப்பு அவனுடையது மட்டும்தானா, கிட்டாருக்கும் அதில் பங்கு உண்டா?

செத்தவன் திரும்பியா வரப்போகிறான், உனக்கு எதற்கு இந்த வேலை என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரை அவர் பக்கம் தள்ளினாள்.

கீழே அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. அதிர்வில் மேஜைமேல் கழற்றி வைத்த திருகாணிகள் மெல்ல நகர்ந்தன. கிட்டாரின் மூடியைத் தூக்கியவர் ஒரு நிமிடம் அசந்துபோனார்.

பத்து வருடத்துக்கு முன்னால் அவன் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது உள்ளே பார்க்கச் சகிக்கவில்லை. யார் யாரோ பிடுங்கி, யார் யாரோ ஒட்டிய ஒயர்கள். "வெளிய மாப்பிள்ளை, உள்ள காயலான் கடை" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இப்போது அந்தக் காயலான் கடையைக் காணோம். கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப், வால்யூம் கன்ட்ரோல், துணி உறை போட்ட ஒயர், எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. கம்பெனியிலிருந்து அன்றைக்கு இறங்கியது போல இருந்தது. ஈயம் வைத்த இடமெல்லாம் கடுகு கடுகாக மின்னியது.

பிரமாதமான கை என்றார். யார் செய்தது என்று கேட்டார். அதை அப்புறம் சொல்வதாகச் சொன்னாள்.

கம்பிகளுக்கு அடியிலிருந்து வரும் எர்த் ஒயரைச் சாமணத்தால் தூக்கினார். அது நேராக வந்து சேர்ந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. விளக்கைக் கிட்டே இழுத்தார். பூதக்கண்ணாடி வைத்துத் துழாவினார். பிறகு சாமணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னண்ணா?"

"இங்க மிளகு சைஸ்ல ஒரு கண்டென்சர் இருந்துச்சு. கூட ஒரு ரெசிஸ்டர். பத்து வருஷம் முன்னாடி நான் வெச்சது."

"எதுக்கு?"

"இதுக்குத்தான். ஆம்ப்ல எர்த் கோளாறாயி கம்பிக்குக் கரண்ட் வந்தாலும், ஆளைக் கொல்ற அளவுக்கு விடாது. சுருக்குன்னு ஒரு கடி கடிச்சிருக்கும். கெட்ட வார்த்தை சொல்லிட்டு மைக்கை விட்டிருப்பான். அவ்வளவுதான்."

அவள் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்டென்சரை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"ஒரிஜினல்ல அது கிடையாது. பழைய சர்க்யூட் படத்தைப் பாத்து வேலை செய்றவன், இதையும் எவனோ பண்ணின ஒட்டுவேலைன்னு நெனச்சுப் பிடுங்கிப் போட்டிருப்பான்."

சொல்லச் சொல்ல அவருக்கு ஆத்திரம் ஏறியது. பெரிய ஷோரூமில் ஒருத்தன் இருக்கிறான், ஒரு திருகாணி மாறியிருந்தாலும் சோறு இறங்காது, அந்த ஒரிஜினல் பைத்தியத்தின் வேலையாகத்தான் இருக்கும் என்றார். அடுத்த நொடியே கோபம் அவர் பக்கமே திரும்பியது. எதற்காக வைத்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதி உள்ளே ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. பார்த்தாலே புரியாதா என்று விட்டுவிட்டார்.

நிச்சயமாகத் தெரியுமா என்று அவள் கேட்டாள். அது இருந்திருந்தாலும் இப்படி நடந்திருக்கலாம் இல்லையா என்று இன்னொரு விதமாகக் கேட்டாள். ஒரே ஒரு 'இருக்கலாம்' போதும் என்பது போல அவர் வாயையே பார்த்தாள்.

மழுப்பாதே என்று சொன்னவளும் அவள்தான்.

"இருந்திருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பான், தங்கச்சி."

கீழே அச்சகம் நின்றது. இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். மொத்தப் பழியையும் அந்த எலெக்ட்ரீஷியன் தலையில் கட்டக் கூடாதாம்.

கடையின் பெயர் போட்ட தாளை எடுத்தார். அரங்கத்தில் எர்த் இல்லாதது ஒரு தப்பு. கிட்டாரில் பாதுகாப்புக்கு இருந்ததைக் கழற்றியது அதைவிடப் பெரிய தப்பு. அழுத்தி அழுத்தி எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது.

"கழட்டினவனைச் சும்மா விடக் கூடாது. பேரைச் சொல்லு, இதுலயே எழுதறேன்."

அவள் கிட்டாரின் மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஃபேக்டரில பன்னெண்டு வருஷமா சால்டரிங்தாண்ணா என் வேலை. அவரோட பிறந்த நாளுக்குன்னு, அவருக்கே தெரியாம, எட்டு மாசம் ஒரிஜினல் பார்ட்ஸைத் தேடித் தேடி ஒவ்வொண்ணா சேத்தேன்" என்றாள். "பேர் எதுக்கு? 'மனைவி'ன்னு எழுதுங்க."