முன் சில்லில் தேசிக்காய்

அமெரிக்க எல்லைக்கு வடக்கே, புவாண்ட்-கிளேரில் உள்ள தளபாடக் கிடங்கின் முற்றத்தில், அமெரிக்காவுக்கு மேசைகள் ஏற்றிய லொறி கதவு பூட்டியபடி உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் புகை குளிரில் வெள்ளையாக எழுகிறது. வாஷிங்டன் இன்று புதிய இறக்குமதி வரியை அறிவிக்கிறது. வரி கூடினால் அங்குள்ள கடைக்காரர் சரக்கை வாங்கமாட்டார். திங்கள் முதல் இங்கே யாருக்கும் வேலை இருக்காது. பொதி கட்டும் துஷாந்தினி கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நிற்கிறாள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, ஒருவரையும் பாராமல் தலையை மட்டும் ஆட்டுகிறார். “சிவநேசம் அண்ணை, தேசிக்காய் வைச்சனீங்களோ?” என்று, வண்டி புறப்படுகையில் சக்கரத்தில் நசுங்க வைக்கும் எலுமிச்சையைப் பற்றிப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறாள். “ஓம், வழமை போல முன் சில்லுக்கு முன்னால வைச்சனான்.” “வெள்ளை மாளிகை வாசலிலயும் ஒண்டு வைச்சிருக்கலாம்.” “அங்க வைச்சா அதுக்கும் வரி போடுவாங்கள், பிள்ளை.” அவள் சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நிற்கிறது. மேலாளர் வெளியே வந்து சாரதிக்குக் கையை அசைக்கிறார். லொறி ஒருமுறை குலுங்குகிறது. பின்விளக்குகள் எரிய, பீப் பீப் என்ற ஒலியோடு, சரக்கு ஏற்றிய வாசலை நோக்கியே பின்னால் வருகிறது. உறைந்த தரையில் தேசிக்காய் நசுங்காமல், முழுசாகக் கிடக்கிறது.