ஆயுத பூஜைச் சோதனை

பேக்கப் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, வருஷத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும் என்பது அறவாழியின் கட்சி. அதனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும், கணினிக்குப் பொட்டு வைத்த கையோடு, அதற்குள் சேமித்து வைத்திருக்கும் அவருடைய மனசின் நகலை மனைவி பொற்கொடி எழுப்புவாள். கெட்டுப்போகவில்லையே என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி கேட்பாள். அந்த நேரத்தில் நிஜ அறவாழி மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்.

இந்த ஆவணியில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். இந்த வருஷமும் அவள் பொட்டு வைத்தாள், எழுப்பினாள்.

“என் செருப்பு சைஸ் என்ன?”

“ஏழு. ஆனா நீ ஆறுதான்னு சாதிச்சு வாங்கிட்டு வந்து, மறுநாளே மாத்தப் போவே.”

நகலுக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கம்போல அடுத்து அதுவே கேட்டது: “நான் நல்லாத்தானே இருக்கேன்?”

பொற்கொடி திரையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

“மாடியில டேங்க் கழுவிட்டிருக்கீங்க.”

“பாசி வழுக்கும். பாத்து இறங்கச் சொல்லு.”

“சொல்றேங்க” என்று மூடினாள்.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரஷ்ஷும் வாளியுமாக மாடிக்குப் போனாள்.