செல்லம் பார்க்க வந்த முகம்

நாவலில் அது மழை கொட்டும் மலைக்காடு. தொலைக்காட்சித் தொடரில் ரந்தாவ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமாகிவிட்டது.

மழைக்குத் தோட்டத்துத் தண்ணீர் லாரி வந்திருந்தது. ஹெலிகாப்டரை வெறும் சத்தத்தோடு முடித்துக்கொண்டார்கள். கூட்டம் கூட்டமாக வரவேண்டிய எதிரிகள் ஏழெட்டுப் பையன்களாகச் சுருங்கி, மரத்தைச் சுற்றி ஓடி மறுபடியும் மறுபடியும் வந்துகொண்டிருந்தார்கள்.

நாவலை எழுதிய ரவிச்சந்திரன் முன்னாள் ராணுவ சார்ஜண்ட். நேற்று வரை பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். கதாநாயகனுக்கு ஒரு காதலியைக் கோத்துவிட்டதற்காகத் தனியாக ஒரு மூச்சு சண்டை போட்டு ஓய்ந்திருந்தார்.

இன்று சண்டைக்குப் போகவில்லை. பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லம் உட்கார்ந்திருந்தாள்.

கோப்ரல் நல்லசாமியின் மனைவி. நாவலில் சாகும் நல்லசாமி நிஜத்திலும் செத்தவன்தான். எல்லைக் காட்டில், ரவிச்சந்திரனோடு ரோந்து போனபோது, வெடியில் சிக்கி. எழுதும்போது பெயரை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

அன்று அவன் வீட்டுக்கு மூடிய பெட்டியாக வந்தான். திறக்கக் கூடாது என்று உத்தரவு. செல்லம் பெட்டியின் மேல் விழுந்து புரண்டாள். லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் சேர்ந்து கெஞ்சியது. முகத்தைக் காட்டவில்லை. கட்டியவனின் கடைசி முகத்தைப் பார்க்காத துக்கம் அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

படப்பிடிப்பு என்று கேள்விப்பட்டதும் அவளே போன் செய்தாள்.

"பொய்யா இருந்தாலும் பரவால்லண்ணே. ஒரு தடவ அந்த மொகத்தப் பாத்துர்றேன் லா."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நல்லசாமியாக நடிப்பவன் புனிதன். சிரம்பானில் கைப்பேசிக் கடையில் வேலை. ஒப்பனைப் பெண் அவன் முகத்தில் சிவப்பை அள்ளி அப்பிக்கொண்டிருந்தாள். ரவிச்சந்திரன் எழுந்து போய், முகத்துக்கு மட்டும் வேண்டாமே என்று கெஞ்சிப் பார்த்தார். ரத்தம் இல்லாவிட்டால் எவன் சார் பார்ப்பான் என்று கேட்டார் இயக்குநர். நாவலாசிரியர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

வெடித்தது.

மாவும் மரத்தூளும்தான் என்று அவருக்குத் தெரியும். மூட்டையைக் காலையிலேயே பார்த்திருந்தார். ஆனாலும் மண் எழும்பி, மட்டைகள் அதிர்ந்து, பறவைகள் கலைந்தபோது அவர் உடம்பு தானாகக் குனிந்தது. பக்கம் பக்கமாக எழுதியும் பிடிபடாத சத்தம், ஒரு மூட்டை மாவில் வந்துவிட்டதே! பிரமித்துப் போனார்.

புகை விலகியது. புனிதன் செத்துக் கிடந்தான். காமிரா அவன் முகத்துக்கு மேலே வந்து நின்றது. வேடிக்கை பார்க்க வந்த தோட்டத்துச் சனம் எக்கி எக்கிப் பார்த்தது.

ரவிச்சந்திரன் அங்கே பார்க்கவில்லை. செல்லத்தையும் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்!"

தப்பித்தோம் என்று அவர் எழுந்தபோது, இயக்குநர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். காமிராவை அணைக்கவில்லை. செத்ததாக நடித்தவன் எழுந்து உட்கார்ந்து, காமிராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும். சிரிக்காமல் போனால் நடித்தது பலித்துவிடும் என்பது படம் எடுக்கிறவர்களின் பயம். ஹெலிகாப்டருக்குக் கஞ்சத்தனம் பார்த்த மனிதர் இதற்குப் பார்க்கமாட்டார்.

ஒப்பனைப் பெண் ஈரத்துணியோடு ஓடி வந்தாள். ரத்தத்தோடு சிரிக்கக் கூடாதாம். நெற்றி, கன்னம், தாடை என்று அழுத்தித் துடைத்தாள். சிவப்பு போகப் போக அடியிலிருந்து ஒரு முகம் வெளியே வந்தது.

புனிதன் எழுந்து உட்கார்ந்தான். முதலில் வெட்கப்பட்டான். மரத்தடியிலிருந்து எதிரிகளில் ஒருவன் கிண்டலடிக்க, பல் தெரியச் சிரித்துவிட்டான்.

ரவிச்சந்திரனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் புத்தகத்தில், எத்தனை முறை படித்தாலும் நல்லசாமி எழுந்திருக்க மாட்டான். இவர்கள் திருஷ்டி கழிப்பது மாதிரி, போகிற போக்கில் அவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள்.

செல்லம் எப்போதோ எழுந்து நின்றிருந்தாள். அழவில்லை. ரவிச்சந்திரனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாருங்கண்ணே. மொகத்துல ஒரு காயங்கூட இல்ல."

அன்று காட்டு முகாமில் அந்தப் பெட்டிக்கு ஆணி அடித்தவர் ரவிச்சந்திரன்தான். திறக்கக் கூடாது என்ற உத்தரவை மேலதிகாரியிடம் கெஞ்சி வாங்கியவரும் அவர்தான். ஏன் என்று நாவலில்கூட அவர் எழுதவில்லை.

"ஆமாம்மா," என்றார். "ஒண்ணுமே இல்ல."